சின்ன ரூம்

வாங்கம்மா, வாங்க. செருப்பை வெளிய விடாதீங்க, கதவுக்குப் பின்னாடி ஸ்டாண்டு இருக்கு, அதுல வெச்சுடுங்க. ரூம் பார்க்கத்தானே வந்தீங்க? கீழ அயர்ன்காரர்கிட்ட சொல்லி வெச்சிருந்தேன், வேலைக்குப் போற நல்ல பொண்ணா இருந்தா அனுப்புங்கன்னு. மனுஷன் மறக்காம அனுப்பிட்டாரு. அவர் இல்லையா? சரி, யாரு சொல்லி வந்தா என்ன, அதை அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல உக்காருங்க. பேரு என்ன சொன்னீங்க, மாரிச்செல்வியா? கோவில்பட்டிப் பக்கமா இருக்கணுமே. பார்த்தீங்களா, பேரைக் கேட்டே சொல்லிட்டேன். வேலை அம்பத்தூர் எஸ்டேட்லயா? அப்ப முகப்பேர் உங்களுக்கு ரொம்ப வசதி. பஸ்ஸுல ஏறினா உக்கார இடம் கிடைக்கறதுக்குள்ள இறங்கிடலாம்.

ரூமைக் காட்டறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கண்டிஷன். வாடகை, அட்வான்ஸ் எல்லாம் பேசிக்கலாம், அதுல நான் கறார் இல்ல. ஆனா எங்க அக்கா திரும்பி வந்தாங்கன்னா நீங்க ரூமைக் காலி பண்ணிக் குடுத்துடணும். ஒரு மாசம் முன்னாடியே சொல்லிடுவேன், திடுதிப்புன்னு கிளம்புன்னு சொல்ற ஆள் நான் இல்ல. எப்ப வருவாங்கன்னு கேட்காதீங்க. வருவாங்க. எங்க போயிடப் போறாங்க? கோபம் தணிஞ்சதும் வரப் போறாங்க.

தரையைப் பார்க்கறீங்களா? நல்லா பாருங்க. புது டைல்ஸ். ஆனா பழைய டைல்ஸை நான் பேர்க்கவே இல்ல. அது மேலயே பசை போட்டு ஒட்டிட்டோம். பேர்த்தா அதுக்குக் கூலி, பேர்த்ததை மூட்டை கட்டி மாடிப்படியில இறக்கக் கூலி, அதை அள்ளிட்டுப் போக வண்டி வாடகை, யாரால ஆகும்? என்ன, தரை கொஞ்சம் உசந்துடுச்சு. கதவையெல்லாம் அடியில சீவ வேண்டியதாப் போச்சு. பாத்ரூமுக்குள்ள போறப்ப மட்டும் பார்த்துக் காலை வைங்க, ஒரு இறக்கம் இருக்கும். பழகிடும்.

நான் ஒரு பம்பு கம்பெனியில பர்ச்சேஸ்ல இருக்கேன். ஒரு குண்டூசி வாங்கினாக்கூட மூணு கொட்டேஷன் வாங்கி, மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்துட்டுத்தான் ஆர்டர் போடுவேன். அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துடுச்சு. மேல் மாடியில ஒருத்தர் வீட்டைப் புதுசாக்கறேன்னு இன்டீரியர் ஆளுங்களைக் கூட்டிட்டு வந்தாரு. கம்ப்யூட்டர்ல படம் போட்டுக் காட்டினாங்களாம், இவரும் மயங்கிட்டாரு. ஃபால்ஸ் சீலிங்கு, அதுக்குள்ள கலர் கலரா லைட்டு. பாதியில கையிருப்பு தீர்ந்து போச்சு. இன்னிக்கும் அவங்க கிச்சன்ல மேடைக்குக் கீழ கதவு இல்ல, பழைய சேலையைத் திரையாக் கட்டித் தொங்கவிட்டிருக்காங்க. எனக்கு அந்தப் பேச்சே கிடையாது. என்ன பட்ஜெட் போட்டேனோ அதுக்குள்ள முடிச்சேன்.

எழுந்து வந்து கிச்சனைப் பாருங்களேன். இவதான் என் வீட்டுக்காரி, சுகந்தி. சுகந்தி, ரூம் பார்க்க வந்திருக்காங்க, கொஞ்சம் காபி போடு. இந்த மேடை பழைய கடப்பாக்கல் மேடைதான், உடைக்கல, அது மேலயே கிரானைட் பலகை போட்டாச்சு. ஷட்டர் எல்லாம் பி.வி.சி. தண்ணி பட்டாலும் ஊறாது, கரையான் கிட்டயே வராது. ஜன்னல் சட்டம் எதையும் மாத்தல. மரம் நல்லாத்தானே இருக்கு, பெயிண்ட் அடிச்சாப் புதுசு. இந்தக் கிச்சன் மொத்தமும் அக்கா குடுத்ததுல முடிஞ்சுடுச்சு. நான் கேட்கல, அவங்களாத்தான் பி.எஃப்ல எடுத்துக் குடுத்தாங்க. வேண்டாம்னு சொன்னா வருத்தப்படுவாங்களேன்னு வாங்கிக்கிட்டேன்.

நீங்க ஏதோ சொல்ல வர்றீங்க. இருங்கம்மா, நான் முடிச்சுடறேன். அக்கா விஷயத்தைச் சொல்லாம ரூமைக் காட்டினா சரியா வராது. நீங்க குடி வந்தா மொத வாரமே கீழ் வீட்டு அம்மா உங்களைப் படிக்கட்டுல நிறுத்தி வெச்சுச் சொல்லும், சொந்த அக்காவை வீட்டை விட்டுத் துரத்தினவன்னு. வாட்டர் கேன் போடற ஆள்கிட்டக்கூடச் சொல்லியிருக்கு. அந்தம்மா சொல்லிக் கேட்கறதை விட நான் சொல்லியே கேட்டுக்கோங்க. உள்ளதை உள்ளபடி சொல்றேன், நியாயத்தை நீங்களே சொல்லுங்க.

அக்கா பேரு திலகவதி. எனக்கு ரொம்ப மூத்தவங்க. இன்சூரன்ஸ் ஆபீஸ்ல வேலை, இன்னும் ரிட்டயர் ஆகல. அப்பா போனப்ப நான் பாலிடெக்னிக்ல மொத வருஷம். அதுக்கப்புறம் அக்கா சம்பளத்துலதான் வீடு ஓடுச்சு. வரன் வராம இல்ல, வந்தது. தம்பி படிப்பு முடியட்டும்னாங்க. படிப்பு முடிஞ்சது. தம்பிக்கு ஒரு வேலை அமையட்டும்னாங்க. அதுவும் அமைஞ்சது. அதுக்குள்ள அவங்களுக்கு வயசு போயிடுச்சு. சில பேருக்குக் கல்யாணத்துல நாட்டமே இருக்காது, என்ன பண்றது? நான் ஒண்ணும் குறுக்க நிக்கல. இன்னும் சொல்லப்போனா என் கல்யாணத்துக்கு அவங்கதான் ஓடியாடி எல்லாம் பண்ணினாங்க. சுகந்தியைப் பார்த்து முடிச்சதே அவங்கதான்.

இந்த ஃபிளாட்டும் அவங்க வாங்கினதுதான். பாருங்க, நான் எதையும் மறைக்கல. அவங்க நகையை வித்து, ஆபீஸ் சொசைட்டியில லோன் போட்டு வாங்கினாங்க. ஆனா பத்திரம் என் பேர்ல. அது அம்மா உசுரோட இருந்தப்ப எடுத்த முடிவு. தனியா இருக்கற பொம்பளை பேர்ல எதுக்குச் சொத்து, நாளைக்கு எப்படியும் தம்பிக்குத்தானே வரப் போகுதுன்னு அம்மா சொன்னாங்க. அக்கா சரின்னுட்டாங்க. எதுக்குமே முகம் சுளிக்காதவங்க. இத்தனை வருஷத்துல என்னை ஒரு சொல் சொன்னது கிடையாது. அதனாலதான் அவங்க இப்பப் பண்ணினதை என்னால தாங்கிக்கவே முடியல.

எங்க பொண்ணு யாமினி ப்ளஸ் ஒன் போனா. பொறந்ததுல இருந்து சின்ன ரூம்ல அத்தையோடதான் படுப்பா. ஒரே கட்டில். அத்தை மேல காலைப் போட்டுத்தான் தூக்கமே வரும். ஆனா பெரிய கிளாஸ் வந்தாச்சு, தனியா ஒரு ரூம், ஒரு டேபிள், ஒரு ஏ.சி. இருந்தாத்தானே படிப்பு ஏறும்? அதை வெச்சுத்தான் வீட்டு வேலையையே ஆரம்பிச்சேன். எனக்காகவா பண்ணினேன்? மேஸ்திரி வந்து பார்த்துட்டு, சின்ன ரூம்லயிருந்து ஆரம்பிக்கலாம் சார், அதுதான் காலி பண்ண சுலபம்னாரு. சுலபம்தான். அதுல இருந்தது அக்கா சாமான் மட்டும்தானே.

இப்ப நீங்களே சொல்லுங்க. அக்காவுக்கு வீசிங் இருக்கு. கொஞ்சம் தூசு பட்டாலே இழுக்க ஆரம்பிச்சுடும். டைல்ஸ் அறுக்கறப்ப வீடு பூரா வெள்ளைத் தூசு, பட்டி தேய்க்கறப்ப அதுக்கு மேல. அதுல அவங்களை உக்கார வெச்சு நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆனா அப்பவும் என்னைத்தானே பேசுவாங்க? அதனால வேலை முடியற வரைக்கும் லேடீஸ் ஹாஸ்டல்ல இருக்கட்டும்னு முடிவு பண்ணினேன். நாங்க எங்க இருந்தோமா? இங்கயேதான். ஒரு ரூம்ல வேலை நடந்தா இன்னொரு ரூமுக்கு மாறிப்போம். குடும்பம்னா எப்படியாவது சமாளிச்சுக்கலாம். அவங்க ஒண்டி ஆள், அவங்களுக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்?

ஹாஸ்டலையும் ஏனோதானோன்னு பார்க்கல. அதுக்கும் மூணு கொட்டேஷன் வாங்கினேன். நுங்கம்பாக்கத்துல ஒண்ணு, ஆபீஸுக்குப் பக்கம், ஆனா கேட்ட வாடகைக்கு ஒரு ஃபிளாட்டே எடுத்துடலாம். அண்ணா நகர்ல ஒண்ணு, சாப்பாட்டுக்குத் தனியாக் கட்டணும். பெரம்பூர்ல ஒண்ணு, சாப்பாட்டோட சேர்த்து, ரெண்டு பேர் தங்கற ரூம். பெரம்பூரை முடிச்சேன். வாடகையை அக்காவே கட்டிக்கிட்டாங்க, சம்பளம் வருதே. மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது, கீழ ஒரு மாவு மில்லு. ஆனா ரொம்ப சுத்தமான ஹாஸ்டல். என்னம்மா சிரிக்கறீங்க? அந்த இடம் தெரியுமா? சரி, பெரம்பூர்ல ஹாஸ்டலுக்கா பஞ்சம், நீங்க வேற எதையாவது நினைச்சுக்கிட்டு இருப்பீங்க.

ஒரே மாசம்தான்க்கா, வேலை முடிஞ்சதும் நானே வந்து கூட்டிட்டு வந்துடறேன்னு சொன்னேன். ஒரு சூட்கேஸ், ஒரு தலையணை, இன்ஹேலர் வெச்ச கைப்பை. ஆட்டோவுல ஏத்திவிட்டேன். கூடவே போய் விட்டுட்டு வந்திருப்பேன், ஆனா அன்னிக்குன்னு பார்த்து டைல்ஸ் லோடு வந்து இறங்குது. எண்ணி இறக்கலைன்னா உடைஞ்சதை நம்ம தலையில கட்டிட்டுப் போயிடுவான்.

வேலைன்னா உங்களுக்குத் தெரியாதா, ஒரு மாசம்னா ஒரு மாசத்துலயா முடியும்? பிளம்பர் வந்தா எலக்ட்ரீஷியன் வர மாட்டான், ரெண்டு பேரும் வந்தா மேஸ்திரி ஊருக்குப் போயிருப்பாரு, அங்க திருவிழா. இழுத்துக்கிட்டே போச்சு. நடுவுல ஒரு நாள் அக்கா வந்தாங்க. ஆபீஸ்ல யாருக்கோ கல்யாணமாம், பட்டுச் சேலை எடுக்கணும்னு. வந்து பார்த்தா பீரோ இல்ல. பீரோ எங்க தம்பின்னு கேட்டாங்க. அது பழைய இரும்பு பீரோக்கா, கண்ணாடி வேற ரசம் போயிடுச்சு, அதை எடைக்குப் போட்டாச்சு, சுவத்தோட சேர்த்து அலமாரி அடிக்கறோம்னு சொன்னேன். அது அவங்க மொத போனஸ்ல வாங்கினது, எனக்கும் தெரியும். ஆனா பார்த்துப் பார்த்து வீட்டை இழைக்கறப்ப நடுவுல துரு ஏறின பீரோவை நிறுத்தி வெச்சா நல்லாவா இருக்கும்? துணிமணியெல்லாம் தூக்கிப் போட்டுடல. அட்டைப் பெட்டியில அடுக்கி, டேப் ஒட்டி, மேல அக்கான்னு பெருசா எழுதி, லாஃப்ட்ல வெச்சிருக்கேன். இன்னும் பத்திரமா இருக்கு. உங்களுக்கு அந்த லாஃப்ட் தேவைப்பட்டா சொல்லுங்க, பெட்டியை எங்க ரூமுக்கு மாத்திக்கறேன்.

அன்னிக்கு ஸ்டூலைப் போட்டு ஏறி, பெட்டியைப் பிரிச்சு, சேலையை எடுத்துக்கிட்டு, டேப்பைத் திரும்ப அமுக்கி ஒட்டிட்டு இறங்கினாங்க. அலமாரி அளவெல்லாம் பார்த்தாங்க. கட்டிலை எந்தப் பக்கம் போடப் போறேன்னு கேட்டாங்க. யாமினிக்கு டேபிள் வருதுக்கா, அதனால ஒத்தைக் கட்டிலுக்குத்தான் இடம் இருக்கும், உனக்கு ஹால்ல சோஃபா சொல்லியிருக்கேன், பகல்ல சோஃபா, ராத்திரி இழுத்தா கட்டில், அதுலயே துணி வைக்க டிராயரும் இருக்குன்னு விளக்கிச் சொன்னேன். நல்ல யோசனைதான் தம்பின்னாங்க. கிண்டலா இல்லம்மா, சாதாரணமாத்தான் சொன்னாங்க. சேலையை மடியில வெச்சுக்கிட்டு சுகந்தி குடுத்த காபியைக் குடிச்சுட்டுப் போயிட்டாங்க. மனசுல என்ன இருந்துச்சோ, அதை அன்னிக்கே கொட்டியிருக்கலாம். வாயைத் திறந்து சொன்னாத்தானே எனக்குத் தெரியும்?

வேலை முடிஞ்சது. வீடு புதுசு மாதிரி ஆயிடுச்சு, பால் காய்ச்சி நாலு பேருக்கு டிபன் போடுவோம்னு சுகந்தி சொன்னா. சொந்தக்காரங்களுக்கு எல்லாம் சொன்னோம். மத்தவங்களுக்கு வாட்ஸ்ஆப்ல அனுப்பினேன், அக்காவுக்கு மட்டும் நானே போன் பண்ணினேன். அக்கா, ஞாயித்துக்கிழமை காலையில பால் காய்ச்சறோம், டிபன் இங்கதான், அவசியம் வந்துடுன்னு. அந்த மரியாதையை நான் குறைக்கல. எத்தனை மணிக்கு தம்பின்னு கேட்டாங்க. சொன்னேன். சரி, வந்துடறேன்னாங்க.

வந்தாங்க. எப்படி வந்தாங்கன்னு கேளுங்க. கதவு திறந்து கிடக்கு, உள்ள அத்தனை பேர் இருக்காங்க, இவங்க வாசல்ல நின்னு காலிங் பெல் அடிக்கறாங்க. சொந்த வீட்டுக்கு யாராவது பெல் அடிச்சுட்டு நிப்பாங்களா? நான் போய் வாக்கான்னு சொன்னப்புறம்தான் உள்ள காலை வெச்சாங்க. செருப்பை வெளிய கிடந்த செருப்புங்களோட வரிசையா விட்டாங்க. பட்டுச் சேலை, தலையில பூ. கையில ஒரு பெரிய பை. யாமினிக்கு ஏதோ வாங்கிட்டு வந்திருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டேன். வந்தவங்க சோஃபா ஓரத்துல, செங்கல்பட்டு மாமா பக்கத்துல ஒடுங்கி உக்காந்துக்கிட்டாங்க. எப்பவும் வந்ததும் வராததுமா கிச்சனுக்குள்ள நுழையறவங்க.

அக்கா, நீ வந்து அடுப்பைப் பத்த வைன்னு கூப்பிட்டேன். அத்தனை பேர் முன்னாடியும் கூப்பிட்டேன். வீட்டுக்காரங்கதானே தம்பி பத்த வைக்கணும், சுகந்தியை வைக்கச் சொல்லுன்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கறாங்க. சுகந்தி முகம் சுருங்கிப் போச்சு. பாலைப் பொங்க விட்டு ஆளுக்கு ஒரு வாய் குடுத்தோம். எல்லாரும் வீட்டைச் சுத்திப் பார்த்தாங்க. அக்காவும் அவங்களோட சேர்ந்து சுத்திப் பார்த்தாங்க. சின்ன ரூமை வாசல்ல நின்னே பார்த்துட்டு, நல்ல வெளிச்சமா இருக்குன்னாங்க. அப்புறம் சுகந்திகிட்ட வந்து, பாத்ரூம் போகலாமான்னு கேட்டாங்கம்மா. பெர்மிஷன் கேட்டாங்க. உள்ள போறப்ப அந்த இறக்கத்துல கால் இடறி சுவத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க. பழக்கம் இல்லையே, அவங்க இருந்தப்ப அங்க இறக்கம் கிடையாது.

இதெல்லாம்கூடப் போகட்டும். கிளம்பற நேரம். மாமா ஒரு கவர் குடுத்தாரு, பெரியப்பா மகன் ஒரு பிள்ளையார் படம் குடுத்தான். அக்கா எழுந்து வந்தாங்க. பையில இருந்து கலர் பேப்பர் சுத்தின ஒரு பார்சலை எடுத்து, ரெண்டு கையாலயும் என்கிட்ட நீட்டினாங்க. என்னக்கா இதெல்லாம்னேன். பிரிச்சுப் பாரு தம்பின்னாங்க. பிரிச்சேன். சுவர்க் கடிகாரம். எல்லா வீட்டு விசேஷத்துலயும் வந்து குவியுமே, அதே கடிகாரம். கண்ணாடியில கீழ கடைக்காரன் பெயிண்ட்ல எழுதியிருக்கான். திரு. குணசீலன் குடும்பத்தாருக்கு அன்பளிப்பு, செல்வி திலகவதி, மகளிர் விடுதி, பெரம்பூர். மாமாவுக்கு வேற வேலை இல்ல, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கிட்டுச் சத்தமாப் படிக்கறாரு. மகளிர் விடுதி, பெரம்பூர்னு நிறுத்தி நிறுத்திப் படிக்கறாரு.

சொல்லுங்க, ஒரு அக்கா தம்பிக்குப் பண்ற காரியமா இது? கூப்பிட்டு வெச்சு ரெண்டு அறை விட்டிருந்தாக்கூட வாங்கிக்கிட்டிருப்பேன். ஊரைக் கூட்டி வெச்சுக்கிட்டு, நான் உன் வீட்டுக்கு விருந்தாளின்னு எழுதிக் குடுத்துட்டாங்களே. வாசல்ல சுகந்தி எல்லாருக்கும் தாம்பூலப் பை குடுத்துக்கிட்டு இருந்தா. அக்காவும் மாமாவுக்குப் பின்னாடி வரிசையில நின்னு ஒரு பை வாங்கிக்கிட்டாங்க. தேங்காய், வெத்தலை பாக்கு, ஒரு எவர்சில்வர் கிண்ணம். வீடு நல்லா அமைஞ்சிருக்கு, சந்தோஷமா இருங்கன்னு சொல்லிட்டு மாமா கார்லயே ஏறிப் போயிட்டாங்க. இரு அக்கா, அப்புறம் போகலாம்னு நான் சொல்லலையேன்னு கீழ் வீட்டு அம்மா கேட்குது. எல்லார் முன்னாடியும் என் மூஞ்சியில கரியைப் பூசிட்டு நிக்கறாங்க, அந்த நேரத்துல எனக்கு என்ன வார்த்தை வரும்?

அந்தக் கடிகாரத்தை மாட்டல. மாட்டினா வர்றவங்க எல்லாம் படிப்பாங்க. எழுத்தைச் சுரண்டிடலாம்னு பிளேடை எடுத்தேன், பார்த்தா கண்ணாடிக்கு உள்பக்கம் எழுதியிருக்கான். சுரண்டணும்னா கண்ணாடியையே கழட்டணும். எங்க கட்டில் அடியில கிடக்கு. அங்க கிடந்தும் ஓடிக்கிட்டுதான் இருக்கு.

அப்புறமும் நான் விட்டுடல. கொஞ்ச நாள் ஆறப் போட்டுட்டு நானே போன் பண்ணினேன். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், கெஞ்சினேன். சோஃபா சும்மாத்தான் கிடக்கு, வாக்கான்னேன். பார்க்கலாம் தம்பின்னாங்க. எப்ப கேட்டாலும் அதே பார்க்கலாம். கோபமாப் பேச மாட்டேங்கறாங்க, அதுதான் என்னைக் கொல்லுது. யாருக்காக அந்த ரூமை இழைச்சேனோ அவளாவது அதுல படுக்கறாளான்னா, அவளும் இல்ல. அத்தை இல்லாம அங்க தூக்கம் வரலைன்னு ஹாலுக்கு வந்துட்டா. இந்த சோஃபாவை இழுத்துப் போட்டுக்கிட்டு இதுலதான் படுக்கறா, டிராயர்ல அவ புஸ்தகம். ஞாயித்துக்கிழமை ஆனா பெரம்பூருக்குப் போயிடறா. சாயங்காலம் திரும்பி வந்தாலும் எங்ககிட்ட முகம் குடுத்துப் பேசறது இல்ல.

எனக்கு மட்டும் கஷ்டமா இல்லையா? ஆபீஸ் கிளம்பறப்ப, குடை எடுத்தியா தம்பின்னு கேட்க ஆள் இல்ல. நனைஞ்சுட்டு வந்தா துண்டை நீட்ட ஆள் இல்ல. எனக்கு அக்கா வேணும்மா. வெளிய சொல்லிக்கறது இல்ல, அவ்வளவுதான். ஆனா ஏ.சி. மாட்டின ரூமை எத்தனை மாசம் சும்மா பூட்டி வைக்கறது? நியாயமாப் பார்த்தா யாராவது இருந்தா வீடும் புழங்கும், கைக்கும் கொஞ்சம் உதவியா இருக்கும். அதான் வாடகைக்கு விடலாம்னு. அக்காகிட்ட இன்னும் சொல்லல. சொன்னா தப்பா எடுத்துப்பாங்க. அவங்க வர்றேன்னு ஒரு வார்த்தை சொன்னா அன்னிக்கே உங்களுக்கு நோட்டீஸ்.

காபி எடுத்துக்கோங்க. குடிச்சுட்டு வாங்க, ரூமைப் பாருங்க. கதவு கொஞ்சம் இறுக்கமா இருக்கும், சீவினது போதல. இதுதான் அலமாரி, முழுக்க உங்களுக்குத்தான். டேபிள் இருக்கு, நீங்க வீட்டுல இருந்து வேலை பார்த்தாலும் வசதி. ஜன்னல் கிழக்குப் பக்கம், வெளிய வேப்பமரம். இருங்க, அந்த ஜன்னல் உங்களுக்குத் திறக்க வராது, நான் திறக்கறேன். பழைய சட்டம், அதுக்கு ஒரு பக்குவம் இருக்கு.

அட. கொக்கியை மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு உள்ள இழுத்து, அப்புறம் வெளிய தள்ளணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? எங்க மேஸ்திரியே அதுக்குத் திணறினாரு.

யாரு சொன்னாங்க?

ஹாஸ்டல்ல யாரு? எந்த ஹாஸ்டல்? மாவு மில்லு மேலயா? மூணாவது மாடியா? அப்ப நீங்கதான் அக்காவோட ரூம்ல அந்த இன்னொரு கட்டிலா? இதை வந்ததுமே சொல்லியிருக்கக் கூடாதாம்மா? ஆமா, நான்தான் பேச விடல. சரி. அக்கா நல்லா இருக்காங்களா? இழுப்பு வருதா? ராத்திரியிலயா? நீங்கதான் எழுந்து வெந்நீர் வெச்சுக் குடுப்பீங்களா. சரி. சரிம்மா.

அக்காவுக்கு இந்த ரூம் விஷயம் எப்படித் தெரியும்? யாமினி சொன்னாளா? அப்பா ரூமை வாடகைக்கு விடப் போறாருன்னு அங்க போய்ச் சொல்லிட்டாளா? அதுக்கு அக்கா என்ன சொன்னாங்க? மறுநாள் உங்களைக் கூப்பிட்டுச் சொன்னாங்களா? நீ இங்கிருந்து அம்பத்தூருக்கு அலையாதே, அங்க போயிடு, என் தம்பி வீடுதான், பயம் இல்லாம இருக்கலாம், ஜன்னலைத் திறந்து வெச்சுப் படுத்தா நல்லா காத்து வரும்னு அவங்க வாயாலயே சொன்னாங்களா?

உங்க கட்டிலுக்கு அங்க வேற யாரு வர்றாங்க? யாரும் இல்லையா? அந்த வாடகையையும் அக்காவே கட்டி, தனி ரூமா எடுத்துக்கறாங்களா? வார்டன்கிட்ட பேசி முடிச்சுட்டாங்களா?

இருங்கம்மா, ஒரு நிமிஷம். நான் இப்படி உக்காந்துக்கறேன். சுகந்தி, கொஞ்சம் தண்ணி கொண்டா.

பார்த்தீங்களா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கல. போன்ல பார்க்கலாம் பார்க்கலாம்னு சொல்லிக்கிட்டு, அங்க உக்காந்து ஆள் பார்த்து அனுப்பியிருக்காங்க. நான் வாடகைக்கு விடறேன்னா அதுல ஒரு அர்த்தம் இருக்கு. அவங்க வர்ற வரைக்கும்தான்னு கண்டிஷன் போட்டுத்தானே விடறேன்? அவங்க உங்ககிட்ட எந்தக் கண்டிஷனும் சொல்லலையா? நான் திரும்பி வந்தா காலி பண்ணிக் குடுக்கணும்னு ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லலையா? நல்லா யோசிச்சுப் பாருங்க. சொல்லல.

இது எங்க அக்கா ரூம்மா. இதுல வேற யாரோ வந்து இருந்துக்கட்டும்னு சொல்ல அவங்களுக்கு எப்படிம்மா மனசு வந்தது?